மிச்ச மாத்திரை வேண்டாம், அக்கா

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கு வேலைக்குப் போகும் பெண்களில் பலர் காலையிலேயே தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள். ஃபெடரல் ஹைவேயில் ஜாம் எப்படியோ, வழியில் கழிவறை எந்த லட்சணமோ என்ற பயம். நானும் அந்தக் கூட்டம்தான். நீர்க்கடுப்பு திரும்பத் திரும்ப வந்தபோதுதான் டாக்டர் நான் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறேன் என்று கேட்டார். 6 மாதத்தில் 2 முறையோ, ஓராண்டில் 3 முறையோ வந்தால் அதைத் தொடர்தொற்றாகவே பார்க்கிறார்கள்.

தண்ணீர் குடியுங்கள் என்பது சும்மா சொல்லும் அறிவுரை இல்லை. தண்ணீர் குறைவாகக் குடித்து அடிக்கடி தொற்றுக்கு ஆளான 140 பெண்களை ஓராண்டு கவனித்த ஆய்வு 2018-இல் வந்தது. தினமும் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை வந்தது, மற்றவர்களுக்கு 3.2. நீர்க்கடுப்புக்கு நல்லதென்று குடிக்கும் மாமாக் கடை பார்லித் தண்ணீரில் சீனிதான் அதிகம். அதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

அடிக்கடி வருகிறதென்றால் சிறுநீர்க் கல்ச்சர் கேளுங்கள். முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே கொடுத்துவிட வேண்டும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். என் தாளில் ஈ.கோலை என்று போட்டு, கீழே மருந்துகளின் வரிசை இருந்தது. ஆம்பிசிலினுக்கு நேரே ‘ஆர்’, அதாவது பலிக்காது. நைட்ரோஃபுரான்டாயினுக்கு ‘எஸ்’, கேட்கும். அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி, அடுத்த கிளினிக்கிலும் காட்டுகிறேன்.

மலேசியாவில் மருந்துச்சீட்டு இல்லாமல் ஃபார்மசியில் ஆண்டிபயாடிக் விற்கக் கூடாது. ஓட்டை நம் வீட்டு டிராயரில்தான் இருக்கிறது. “போன தடவை மிச்சம் இருக்கு, ரெண்டு போடேன்” என்று பக்கத்து வீட்டு அக்கா அன்பாகத்தான் நீட்டினார். யாருக்கோ, எதற்கோ கொடுத்த மாத்திரை. இரண்டு போட்டால் எரிச்சல் அடங்கலாம், கிருமி போகாது, கல்ச்சரும் குழம்பும். காய்ச்சல், குளிர், விலாவில் வலி என்றால் வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம்.

கம்பெனி செக்கப்பில் சிறுநீரில் கிருமி தெரிந்தது, உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லை என்றால் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை. கர்ப்பிணிகளுக்கு அப்படி விடுவதில்லை.

மாதவிடாய் நின்றவர்களுக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தொற்றைக் குறைக்கும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். என் மாமியார் இந்தக் கிரீமைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட்டே நாளைக் கடத்தினார். பெண் டாக்டர் வேண்டுமென்று கவுண்டரில் கேட்டோம். கொஞ்சம் காக்க வைத்தார்கள், அவ்வளவுதான்.