மூன்று ஆட்டம் போதுமா?
செஸ் புரோகிராம்களின் பலத்தை அறிவது எப்படி?

எங்கள் பம்மல் பகுதியில், பிள்ளைகளின் செஸ் பயிற்சிக்காகப் புரோகிராம் தேடும் பெற்றோர் உண்டு. இரண்டு புரோகிராம்களை மோதவிட்டு, 3-0 என ஜெயித்ததைக் காசு கொடுத்து வாங்கிவிடலாமா? அவசரப்படாதீர்கள்.

ஒரு நாணயத்தை மூன்று முறை சுண்டுங்கள். அது 8 விதமாக விழலாம். மூன்றும் தலை, மூன்றும் பூ என்பவை அவற்றில் இரண்டு. அதாவது டிரா இல்லை என்று வைத்துக்கொண்டால், சம பலமுள்ள புரோகிராம்கள் மோதினாலும் நான்கில் ஒரு தடவை 3-0 வரும். 10 ஆட்டங்களில் 7-3 அல்லது அதைவிடப் பெரிய வித்தியாசம், ஏறக்குறைய மூன்றில் ஒரு தடவை தற்செயலாகவே வந்துவிடும்!

நம் விஸ்வநாதன் ஆனந்த் 1998-ல் ரெபெல் 10 என்ற புரோகிராமுடன் 8 ஆட்டங்கள் ஆடினார். ரெபெல் 5-3 என வென்றது. பிரித்துப் பாருங்கள்:

* 5 நிமிட ஆட்டங்கள் நான்கு: ரெபெல் 3-1
* 15 நிமிட ஆட்டங்கள் இரண்டு: ரெபெல் 1½-½
* நீண்ட நேர ஆட்டங்கள் இரண்டு: ஆனந்த் 1½-½

நேரம் மாறினால் முடிவும் மாறலாம். ஆனால் இரண்டே ஆட்டங்களை வைத்து அதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

சரி, வீட்டில் எப்படிச் சோதிப்பது?

1. அரீனா, கியூட் செஸ் போன்ற இலவச மென்பொருள் ஒன்றை நிறுவி, அதில் இரண்டு புரோகிராம்களையும் சேருங்கள்.
2. இரண்டுக்கும் ஒரே நேரம் கொடுங்கள். ஆளுக்கு 1 நிமிடம் என்றால் 200 ஆட்டங்கள் 7 மணி நேரத்துக்குள் முடியும். இரவில் ஓடவிடலாம்.
3. வெவ்வேறு தொடக்க நகர்த்தல்களைக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஒரே ஆட்டமே திரும்பத் திரும்ப வரலாம்.
4. வெள்ளைக்குச் சற்றுச் சாதகம் உண்டு. எனவே ஒவ்வொரு தொடக்கத்தையும் நிறம் மாற்றி இருமுறை ஆடவிடுங்கள்.
5. அந்த நேரத்தில் வைரஸ் ஸ்கேன் போன்ற வேறு வேலைகள் ஓடவேண்டாம்.

200 ஆட்டங்களில் ஒன்று 115 புள்ளிகளுக்கு மேல் எடுத்தால், அந்த வேகத்தில் அதுவே பலசாலி என்று ஓரளவு நம்பலாம். 105-95 என்றால் எதுவும் சொல்ல முடியாது. நான்கு மடங்கு ஆட்டங்கள் ஆடினால்தான் சந்தேகம் பாதியாகக் குறையும்.

இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் புரோகிராமில் ஒரு சிறு மாற்றம் செய்தாலும், தன்னார்வலர்களின் கம்ப்யூட்டர்களில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிப் பார்த்த பிறகே அதைச் சேர்க்கிறார்கள். நீங்களும் பர்ஸைத் திறக்கும் முன் ஓர் இரவு கம்ப்யூட்டரை ஓடவிட்டுப் பாருங்கள்.