கைபேசியும் வேகன் நம்பரும்

ரயில்வேயில் முப்பத்தேழு வருடங்கள் சரக்கு வேகன்களைப் பரிசோதிப்பதிலும் பழுது பார்ப்பதிலும் கழித்தவன் நான். என் காலத்தில் ஒரு வேகன்கூட வழி தவறிப் போனதில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வழி தவறியது எந்த வேகன் என்பது எங்களுக்கு எப்போதும் தெரியும். அதன் நம்பர் புத்தகத்தில் இருக்கும்.

அப்படிப்பட்டவன், பொங்கலுக்கு முந்தின நாள் கரோல்பாகில் மஞ்சள் கொத்து வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பேருந்து நெரிசலில் சட்டைப் பையிலிருந்த கைபேசியைப் பறிகொடுத்தேன். காவல் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, "ஐ.எம்.இ.ஐ. நம்பர் க்யா ஹை?" எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்குச் சொல்லலாமென்று பக்கத்துக் கடையில் போன் இரவல் வாங்கினால், மனைவியின் எண்ணும் நினைவில் இல்லை. முப்பது வருடத்துக்கு முந்தைய யார்டு கண்ட்ரோல் போன் எண்தான் நினைவில் வந்தது!

அன்று நான் இழந்தவை மூன்று: கருவி, பணம், கருவிக்குள் இருந்த பதிவுகள். இந்த மூன்றுக்கும் காப்பு வெவ்வேறு. அதைப் பிரித்துத் தெரிந்துகொள்ள எனக்கு நாலு மாதம் ஆயிற்று. நம் சங்கத்து அன்பர்கள் நாலு நிமிடத்தில் தெரிந்துகொள்ளட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

1. கருவி

நம் சரக்கு வேகன் ஒவ்வொன்றின் பக்கவாட்டிலும் 11 இலக்க எண் எழுதியிருக்கும். முதல் இரண்டு இலக்கம் வேகனின் வகை; அடுத்த இரண்டு எந்த ரயில்வேக்குச் சொந்தம் என்பது; அடுத்த இரண்டு கட்டிய வருடம்; அடுத்த நான்கு தனி எண். பதினோராவது இலக்கம் சோதனை இலக்கம். மற்ற பத்தையும் ஒரு கணக்கில் போட்டால் அது வரவேண்டும். வராவிட்டால், எழுதியவர் எங்கோ தவறியிருக்கிறார் என்று பொருள்.

கைபேசிக்கும் இதேபோல் 15 இலக்க எண் ஒன்று உண்டு. அதுதான் ஐ.எம்.இ.ஐ. முதல் 8 இலக்கம் கைபேசியின் மாடல், அடுத்த 6 அதன் தனி எண், கடைசி இலக்கம் சோதனை. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கணக்கு முறை இது. பாடப் புத்தக உதாரணம் ஒன்று: 490154203237518. இடமிருந்து இரண்டாவது, நான்காவது என்று இரட்டை இடத்து இலக்கங்களை (9, 1, 4, 0, 2, 7, 1) இரட்டியுங்கள். 18, 14 என ஈரிலக்கமானால் 1+8, 1+4 என்று கூட்டிக்கொள்ளுங்கள். மொத்தம் 30. ஒற்றை இடத்து இலக்கங்கள் (4, 0, 5, 2, 3, 3, 5) கூட்டினால் 22. இரண்டும் சேர்ந்து 52. அடுத்த பத்தான 60க்கு இன்னும் 8 வேண்டும். கடைசி இலக்கமும் 8 தான். புகாரில் எண்ணை எழுதியபின் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் பிசகியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் எண்ணை அறிய, பேசும் எண்ணை அழுத்தும் இடத்தில் *#06# என்று அழுத்தினால் போதும். இரண்டு சிம் போடும் கைபேசியில் இரண்டு எண்கள் வரும். இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதையும் அட்டைப் பெட்டியையும் பழைய பேப்பர்காரருக்குப் போடாதீர்கள். இரண்டும் பின்னால் தேவைப்படும்.

இந்த எண்ணை வைத்து என்ன செய்வார்கள்? வேகன்களுக்கு இருப்பதுபோல் கைபேசிகளுக்கும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை ஒரு பதிவேடு வைத்திருக்கிறது. பெயர் சி.இ.ஐ.ஆர். 2019 செப்டம்பரில் மும்பையில் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பர் 30இல் தில்லிக்கும் சுற்றுப்புறத்துக்கும் வந்தது. 2023 மே 16 முதல் 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தின் வழியாக நாடு முழுவதற்கும் ஆயிற்று. 2025 ஜனவரியில் அதற்குக் கைபேசிச் செயலியும் வந்தது. தொலைந்த கைபேசியின் எண்ணை அதில் பதிந்தால், எந்தக் கம்பெனி சிம்மைப் போட்டாலும் அது இந்திய நெட்வொர்க்கில் வேலை செய்யாது. யாரேனும் சிம் போட முயன்றால் தகவல் காவல் துறைக்குப் போகும். நாட்டின் எல்லை தாண்டிப் போய்விட்டால் மட்டும் இது கைகொடுக்காது.

பதிவதற்குப் போலீஸ் புகார் நகல், வாங்கிய ரசீது, அடையாள அட்டை ஆகியவை வேண்டும். ஒ.டி.பி. வருவதற்கு, பழைய எண்ணிலேயே புது சிம் வாங்கியிருக்க வேண்டும். புது சிம்மில் ஒரு நாள் வரை குறுஞ்செய்தி வராமல் இருக்கலாம். அது பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடு, பதற வேண்டாம்.

புகார் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. தில்லி போலீஸ் இணையதளத்தில் 'லாஸ்ட் ரிப்போர்ட்' என்று ஒன்று உண்டு. திருட்டுப் புகார் வேறு. முன்னது தொலைந்த பொருளுக்கான சான்று மட்டுமே. அதன்மேல் விசாரணை நடக்காது. எளிதாயிருக்கிறதே என்று திருடு போனதைத் 'தொலைந்தது' என எழுதித் தராதீர்கள்.

ரயிலில் பறிகொடுத்தால் 139க்கோ ரயில் மதத் செயலியிலோ சொல்லலாம். ரயில்வே பாதுகாப்புப் படை 2024இல் வடகிழக்கு எல்லை ரயில்வேயில் சோதனையாகத் தொடங்கி, 2025 முதல் இந்தப் பதிவேட்டுடன் இணைந்து வேலை செய்கிறது. என் பழைய இலாகாவுக்கு இதில் பங்கு இருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். ஆனாலும் ஊருக்குப் போகும்போது கைபேசியை சார்ஜரில் மாட்டிவிட்டுத் தூங்குவதும், வண்டி மெதுவாகப் போகும் இடத்தில் ஜன்னலோரம் கையை நீட்டிப் பேசுவதும் வேண்டாம்.

பழைய கைபேசி வாங்குவோர் இதைக் கவனிக்க வேண்டும்: கே.ஒய்.எம். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள், ஓர் இடைவெளி, 15 இலக்க எண் என்று 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்தக் கைபேசியின் நிலை தெரியும். காசு கொடுக்குமுன் இதைச் செய்யுங்கள்.

2. பணம்

திருடுபோன நாற்பது நிமிடத்தில் என் கணக்கிலிருந்து மூன்று தவணையாக 24,000 ரூபாய் போயிற்று. கைபேசிக்கு நான் திரைப் பூட்டே போட்டிருக்கவில்லை. ஒவ்வொரு முறையும் எண் அழுத்துவது தொல்லை என்று நினைத்தேன். பணம் அனுப்பும் ரகசிய எண்ணை மறக்காமலிருக்க, 'ஏ.டி.எம். மாமா' என்று ஓர் ஆளாக்கி அவருடைய போன் எண்போல் எழுதி வைத்திருந்தேன். பெரிய தந்திரம் செய்ததாக நினைப்பு. திருடனுக்கும் அந்த மாமா உறவுக்காரர் என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய வண்டிகளில் வேக்குவம் பிரேக் இருந்தது. பெட்டிகளுக்கு நடுவே உள்ள குழாய் அறுந்துவிட்டால், யாரும் தொடாமலே பிரேக் தானாக விழுந்து வண்டி நிற்கும். இன்றைய ஏர் பிரேக்கிலும் அதே தத்துவம்தான். கெட்டுப்போவதைத் தடுக்க முடியாது. கெட்டுப்போனால் பாதுகாப்பான பக்கமாகக் கெடவேண்டும். கைபேசியையும் அப்படி அமைத்துக்கொள்ளலாம்.

அ) ஆறு இலக்கப் பூட்டுப் போடுங்கள். பிறந்த வருடம் வேண்டாம். அரை நிமிடத்தில் தானாகப் பூட்டிக்கொள்ளும்படி வையுங்கள்.

ஆ) பூட்டிய திரையில் குறுஞ்செய்தியின் வாசகம் தெரியாதபடி மாற்றுங்கள். இல்லையேல் ஒ.டி.பி. பூட்டுக்கு வெளியே நின்று எல்லோருக்கும் காட்சி தரும்.

இ) சிம்முக்கும் தனியாக ஒரு ரகசிய எண் உண்டு. அது போட்டிருந்தால், சிம்மைக் கழற்றி வேறு கைபேசியில் போட்டாலும் எண் கேட்கும். முதலில் கம்பெனி தந்த எண் எது என்று கேட்டுக்கொண்டு மாற்றுங்கள். மூன்று முறை தவறினால் சிம் பூட்டிக்கொள்ளும். திறக்க கம்பெனியிடம் பி.யூ.கே. என்ற 8 இலக்க எண் வாங்கவேண்டும்.

ஈ) வங்கி அட்டையின் படம், ரகசிய எண்கள் எதுவும் கைபேசியில் வேண்டாம். எல்லா மாமாக்களையும் அழித்துவிடுங்கள்.

பணம் போய்விட்டால் 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். இது இணையக் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். பணம் பல கணக்குகளுக்குத் தாவுமுன் நடுவழியில் நிறுத்த முயல்வார்கள். இங்கே நிமிடங்கள்தான் கணக்கு. எனக்கு இந்த எண் மூன்றாம் நாள்தான் தெரிந்தது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6இல் வெளியிட்ட சுற்றறிக்கையின் சாரம் இது: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் போன பணத்தில், வங்கிக்குச் சொல்லும்வரை போனது அவர் தலையில், சொன்ன பிறகு போவது வங்கியின் தலையில். என் 24,000மும் சொல்வதற்கு முன்னே போனது. வங்கியைக் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

3. பதிவுகள்

நாலு மாதம் கழித்துக் காவல் நிலையத்திலிருந்து அழைத்தார்கள். பக்கத்து மாநிலத்தில் ஒருவர் விஷயம் தெரியாமல் வாங்கி சிம் போட்டிருக்கிறார், பதிவேடு காட்டிக்கொடுத்துவிட்டது. கீறல்கூட இல்லாமல் கைபேசி திரும்பி வந்தது. திறந்து பார்த்தேன். கடையில் வாங்கியபோது இருந்ததுபோல் காலியாக இருந்தது.

படங்கள் கூகுள் கணக்கில் பத்திரமாக இருந்தன. எல்லாமே அங்கே இருக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஆனால் அந்த ஏற்பாடு படங்களையும் வீடியோக்களையும் மட்டுமே எடுத்துவைக்கும். குரல் பதிவை எடுக்காது. என் தாயார் 84ஆம் வயதில், எங்கள் குலதெய்வத்துக்குப் படையல் போடும் முறையை, எந்த வீட்டார் எதைக் கொண்டுவர வேண்டும் என்பதுவரை சொல்லச் சொல்ல நாற்பது நிமிடம் பதிவு செய்திருந்தேன். அது அந்தக் கைபேசியில் மட்டும்தான் இருந்தது. அம்மா இப்போது இல்லை. கேட்டுச் சொல்ல வேறு பெரியவர்களும் ஊரில் இல்லை. கருவிக்குப் பதிவேடு உண்டு. பணத்துக்கு 1930 உண்டு. இதற்கு எந்த இலாகாவில் புகார் கொடுப்பது?

ஆகவே இதில் காப்பு நாம்தான். முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதிகள் வேண்டும்: கைபேசியில் ஒன்று, கணினியிலோ ஹார்டு டிஸ்க்கிலோ ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. வெளியே என்றால் இணையத்தில் இருக்கலாம். வேற்றூரில் இருக்கும் மகளிடமும் இருக்கலாம். கூகுள் இலவசமாகத் தரும் இடம் 15 ஜி.பி. மட்டுமே, 2021 ஜூன் முதல் ஏற்றும் படங்களும் அதற்குள்தான் அடங்கவேண்டும். நிரம்பிவிட்டால் சேமிப்பு நின்றுவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிரதியிலிருந்து ஒரு கோப்பைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, அழுத்திப் பார்க்காத பிரேக்.

பீரோ கதவுக்கு ஒரு தாள்

கைபேசி போனபின் அதற்குள் தேட முடியாது. ஆகவே கீழ்க்கண்டவற்றை ஒரு தாளில் எழுதி பீரோ கதவின் உட்புறம் ஒட்டி வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் காட்டிவையுங்கள்.

மேலே: ஐ.எம்.இ.ஐ. எண்கள், வங்கியின் அவசர எண், சிம் கம்பெனியின் எண், குடும்பத்தார் இருவரின் எண்கள், 1930, 112, 139.

கீழே, செய்யவேண்டிய வரிசை:

1. வேறொருவர் கைபேசியில் ஆண்ட்ராய்டின் 'ஃபைண்ட் ஹப்' அல்லது ஆப்பிளின் 'ஃபைண்ட் மை' வழியாக உங்கள் கைபேசியைப் பூட்டுங்கள். இடம் தெரிந்தால் போலீசிடம் சொல்லுங்கள். நீங்கள் தேடிப் போகாதீர்கள்.
2. வங்கிக்குச் சொல்லிப் பணப் பரிமாற்றத்தை நிறுத்துங்கள். பணம் போயிருந்தால் 1930.
3. சிம்மை நிறுத்தச் சொல்லுங்கள்.
4. திருட்டுப் புகார் கொடுங்கள். புது சிம் வாங்குங்கள். சஞ்சார் சாத்தியில் பதியுங்கள்.
5. மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். வாட்ஸ்அப்பைப் புது சிம்மில் தொடங்குங்கள். பழையது தானே நின்றுவிடும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வேறு கைபேசியிலிருந்து உங்கள் கூகுள் கணக்கைத் திறக்கப் போனால், தொலைந்த கைபேசிக்கே குறியீடு அனுப்பி அதைக் கேட்கலாம். இரட்டைப் பூட்டு போட்டவர்களுக்கு கூகுள் பத்து மாற்றுக் குறியீடுகள் தரும். அவற்றை முன்கூட்டியே எழுதி, கதவில் ஒட்டாமல், பீரோவுக்குள் பூட்டி வையுங்கள்.

சில நாள் கழித்து, "உங்கள் கைபேசி கிடைத்துவிட்டது, இந்த இணைப்பைத் தொட்டுக் கடவுச்சொல்லைப் போடுங்கள்" என்று செய்தி வரலாம். அது பெரும்பாலும் திருடனின் தூது. தொடாதீர்கள்.

இவ்வளவையும் செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும். செய்யத் தெரியவில்லை என்று கூச்சப்படவேண்டாம். சங்கக் கூட்டத்துக்கு வரும்போது கைபேசியையும் ஒரு வெள்ளைத் தாளையும் கொண்டுவாருங்கள். பக்கத்தில் உட்கார்ந்து செய்து தருகிறேன். ஒன்று மட்டும் நாளைக்கென்று தள்ளவேண்டாம். வீட்டுப் பெரியவர்களின் குரல் உங்கள் கைபேசியில் மட்டும் இருந்தால், இந்தப் பக்கத்தை மூடியவுடன் அதை இன்னோர் இடத்திலும் எடுத்து வையுங்கள்.