காணியின் விலையும் வாடகையும்

வேலணை,
2025 ஐப்பசி.

அன்புள்ள பெறாமகனுக்கு,

உன் கடிதமும் அதோடு வந்த தொடர்மாடி வரைபடமும் கிடைத்தன. பழைய பழக்கம் விடவில்லை. மேசையில் விரித்து, அளவுகோல் வைத்து அறைகளை அளந்துபார்த்தேன். படுக்கையறையில் கட்டில் போட்டால் அலுமாரிக்கு இடமில்லை. அது சின்ன விஷயம். பெரிய விஷயங்களை எழுதத்தான் இந்தக் கடிதம்.

நீ மூன்று கேட்டிருக்கிறாய். கொழும்பில் இன்னும் எழும்பாத தொடர்மாடியில் ஒரு வீட்டுக்கு முற்பணம் கட்டலாமா? அதற்காக அப்பாச்சியின் வளவில் உனக்கும் அக்காவுக்கும் வரும் நாலு பரப்பை விற்கலாமா? அது சரிவராவிட்டால், ஐ.ரி. வளர்கிறது என்று சொல்லப்படும் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒரு துண்டு வாங்கிப்போட்டு ஐந்து வருசத்தில் விற்கலாமா?

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த வளவில் எனக்கும் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது. ஆகவே நான் "விற்காதே" என்று சொன்னால் நீ சந்தேகப்படலாம், அதற்கு உனக்கு உரிமை உண்டு. என் காரணங்களை மட்டும் எடைபோட்டுப் பார்.

காணி அளந்தே சீவித்தவன் நான். விலை ஏறுவதையும் விழுவதையும் இரண்டு கரையிலும் பார்த்திருக்கிறேன். 1990 ஓகஸ்டில் இராணுவம் தீவுப் பகுதிக்குள் வந்தபோது நாங்கள் உறுதிப் பெட்டியையும் இரண்டு மாற்றுடுப்பையும் தூக்கிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஓடினோம். அதற்கு முந்தின வருசம் வேலணையில் ஒரு பரப்புக்காக அண்ணன் தம்பி வழக்குப் பேசினார்கள். ஓடிய பிறகு சும்மா தருகிறேன் என்றாலும் வாங்க ஆளில்லை. அதே மண், அதே கிணறு, அதே பனைதான். போனது மனிதர்கள் மட்டுமே, அவர்களோடு விலையும் போய்விட்டது.

பிறகு சென்னையில் இருந்த வருசங்களில் அதற்கு நேரெதிரானதைப் பார்த்தேன். 2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். பழைய மாமல்லபுரம் வீதி அப்போது உப்பளமும் சவுக்குத் தோப்புமாகக் கிடந்தது. முதலில் கம்பனிகள் வந்தன. வேலை செய்யும் பிள்ளைகள் வந்து பெருங்குடியிலும் சோழிங்கநல்லூரிலும் அறை தேடினார்கள். வாடகை ஏறியது, அதன் பின்னால் காணி விலை ஏறியது. இந்த வரிசையைக் கவனி. வேலை, வாடகை, விலை. முன்னே வாங்கியவர்கள் சம்பாதித்தார்கள் என்பது உண்மை. ஆனால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நிரப்பிக் கட்டிய இடங்களில் 2015 டிசம்பர் வெள்ளம் வீட்டுக்குள் நின்றது. 2019 கோடையில் அதே வீதியில் தண்ணீர் இல்லாமல் கம்பனிகள் ஊழியரை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொல்லின. கணினி வந்த ஊராக இருந்தாலும் காணிக்குத் தண்ணீர்தான் உயிர் என்பதை அந்த இரண்டு வருசங்களும் எல்லாருக்கும் காட்டின.

இப்போது யாழ்ப்பாணத்துக்கு வா. இங்கே வரிசை தலைகீழ். விலை முதலில் ஏறிவிட்டது, வாடகை பின்தங்கி நிற்கிறது, வேலை அதற்கும் பின்னால் வருகிறது. காரணம் உனக்குத் தெரியும். நல்லூரிலும் கந்தர்மடத்திலும் காணிக்கு விலை வைப்பது யாழ்ப்பாணத்துச் சம்பளம் அல்ல, ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் பாரிஸிலும் உழைத்த காசு. பிறந்த ஊரில் ஒரு துண்டு வேண்டும் என்ற ஆசையும் மகளின் சீதனமும் சேர்ந்து வைக்கும் விலை அது. அதை நான் குறை சொல்லவில்லை. பனியில் நின்று உழைத்தவனுக்கு அப்படி ஆசைப்பட உரிமை உண்டு. ஆனால் அதை முதலீட்டுக் கணக்கு என்று உன்னிடம் எவனாவது சொன்னால் நம்பாதே.

கணக்கை நீயே போட்டுப் பார். பட்டினத்தை ஒட்டிய ஒரு வீடு மூன்று கோடி என்று எழுதியிருந்தாய். அப்படி ஒரு வீட்டை வாடகைக்கு விட்டால் மாதம் அறுபதாயிரம் வரும் என்றும் நீயே எழுதியிருந்தாய். வருசத்துக்கு ஏழு லட்சத்து இருபதாயிரம். போட்ட முதலில் நூற்றுக்கு இரண்டரை கூட இல்லை. மதில், வெள்ளையடிப்பு, சோலை வரி எல்லாம் கழித்தால் இரண்டும் மிஞ்சாது. அப்படியானால் வாங்குபவனின் இலாபம் எங்கிருந்து வரவேண்டும்? இன்னொருவன் இன்னும் கூடிய விலைக்கு வாங்கவேண்டும். அந்த இன்னொருவன் வெளிநாட்டில் இருக்கிறான், அவனுக்கு வயது ஏறுகிறது, அவனுடைய பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் இரண்டு வாரச் சுற்றுலா. இன்னும் பதினைந்து வருசத்தில் அந்தக் கை வாங்குமா, விற்குமா? விற்கும் என்றே நான் நினைக்கிறேன்.

ஐ.ரி. வளரவில்லை என்று நான் சொல்லமாட்டேன். யாழ் ஐ.ரி. ஹப்பில் பிள்ளைகள் போட்டிகளுக்காக இராப்பகலாக உட்கார்ந்து வேலை செய்ததைப் பார்த்திருக்கிறேன். 2014இல் ரயில் திரும்ப வந்தது, 2019இல் பலாலியில் விமானம் இறங்கியது. கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடம் நடக்கிறது. எல்லாம் நல்லது, எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பீடத்தில் படித்து முடித்த பிள்ளை அடுத்த கிழமை எங்கே போகிறது? கொழும்புக்கு. நீயும் அப்படிப் போனவன்தானே. உன் வயதுப் பிள்ளைகள் இங்கே சம்பளம் எடுத்து, இங்கே வாடகை கட்டி, இங்கே பால் வாங்கும் காலம் வரும்வரை அதை வளரும் நகரம் என்று சொல், வளர்ந்த நகரத்தின் விலையைக் கொடுத்துவிடாதே.

கொழும்பில் அந்த வரிசை ஓரளவு சரி. வேலை இருக்கிறது, வாடகைக்கு ஆள் இருக்கிறது. அங்கே என் பயம் வேறு. நீ வாங்கப்போவது ஒரு வரைபடத்தை. அதையும் மாறும் வட்டிக் கடனில் வாங்கப்போகிறாய். 2022ஐ மறந்துவிடாதே. ஏப்ரலில் நாடு கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தது. இருநூறு ரூபாயில் நின்ற டொலர் முந்நூற்றைம்பதைத் தாண்டியது. கம்பி, சீமெந்து, மின்தூக்கி எல்லாம் டொலரில் வருகிறவை, கட்டடங்கள் பாதியில் நின்றன. அந்த வருசக் கடைசியில் வங்கி வட்டி இருபத்தைந்து வீதத்துக்கு மேலே போனது. வீடும் வராமல் மாதத் தவணையும் இரட்டித்து, வாடகை வீட்டிலேயே இருந்து இரண்டையும் கட்டிய குடும்பங்களை எனக்குத் தெரியும். காசை வங்கியில் போட்டு வைத்தவனும் அப்போது தோற்றான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். கடனில்லாத காணி வைத்திருந்தவன்தான் ஓரளவு தப்பினான். இதில் கடனில்லாத என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டுக்கொள்.

கொழும்புத் துறைமுக நகரத்தைப் பார். 2014 செப்டெம்பரில் சீன ஜனாதிபதி வந்து தொடக்கி வைத்தார். 2015இல் ஆட்சி மாறி வேலை நின்றது, அடுத்த வருசம் மீண்டும் தொடங்கியது. 2019 தொடக்கத்தில் 269 ஹெக்டேயர் கடலை நிரப்பி முடித்தார்கள், 2021இல் தனிச் சட்டமே போட்டார்கள். மணல் நிரப்பி இத்தனை வருசமாகியும் பெரும்பகுதி கட்டடம் காணாமல் கிடக்கிறது. அவ்வளவு பெரிய முதலுக்கே காலம் இப்படி இழுக்கிறது. மாதச் சம்பளக்காரனான உனக்கு அந்தப் பொறுமையை யார் கடன் தருவார்? கொழும்பில் வாங்கத்தான் வேண்டுமென்றால் முடிந்த கட்டடத்தில், ஆட்கள் குடியிருக்கும் மாடியில், பத்து வருசப் பழசானாலும் பறவாயில்லை, அதை வாங்கு. தண்ணீர்த் தாங்கி, மின்தூக்கி, பராமரிப்புக் கணக்கு எல்லாவற்றையும் அங்கே கண்ணால் பார்க்கலாம்.

சூரிச்சில் இருக்கும் உன் கூட்டாளி பாதிக் காசு போடுவதாக எழுதியிருந்தாய். அவன் இப்போது சுவிஸ் குடிமகன். இரட்டைக் குடியுரிமை எடுத்தவனா என்று முதலில் கேள். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டுக் குடிமகன் இங்கே காணி வாங்கமுடியாது. தொடர்மாடி வீட்டுக்கு விதிவிலக்கு உண்டு, முழுத்தொகையையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே அனுப்பி வாங்கலாம். இரட்டைக் குடியுரிமை உள்ளவனுக்கு இந்தத் தடை இல்லை. அவன் காசில் காணியை உன் பேரில் எழுதிவைப்போம் என்ற யோசனை இருந்தால் இன்றைக்கே விட்டுவிடு. கூட்டாளித்தனமும் போகும், காணியும் வழக்குக்குப் போகும்.

இனி அப்பாச்சியின் வளவு. நாலு பரப்பு என்று சொல்கிறாயே, அது எந்த நாலு பரப்பு? பன்னிரண்டு பரப்பும் இன்னும் பிரிக்கப்படாமல் கிடக்கிறது. கிணறு இருக்கும் மூலையா, உவர் ஏறிய தெற்குப் பக்கமா? வாங்குபவன் கிணற்றைத்தான் காட்டுவான். தேசவழமைப்படி பிரிக்கப்படாத பங்கை வெளியாளுக்கு விற்குமுன் பங்காளிகளான எனக்கும் பாரிஸில் இருக்கும் மாமிக்கும் அறிவித்தல் தரவேண்டும். வாங்கும் முதல் உரிமை எங்களுக்கு. 1947ஆம் ஆண்டுச் சட்டம் அது. அக்கா தன் பங்கை எழுத அத்தானின் எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். 1911இலிருந்து அப்படித்தான் இருக்கிறது. கல்யாணம் முடித்த பெண் தன் முதிசத்தை விற்கப் புருசனிடம் கையெழுத்துக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் சட்டம் மாறும்வரை அந்தக் கையெழுத்தில்லாத உறுதி செல்லாது.

வளவை விற்கச் சொல்லித் தரகர் அவசரப்படுவது ஏனென்று எனக்குத் தெரியும். செப்டெம்பர் முதலாம் திகதி ஜனாதிபதி மண்டைதீவில் கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து பண்ணைப் பாலத்துக்கு இந்தப் பக்கம் எல்லாக் காணியும் மைதானத்துக்குப் பக்கத்துக் காணி ஆகிவிட்டது. மைதானம் வரட்டும், பிள்ளைகள் விளையாடட்டும். அங்கே கண்டலும் சதுப்பும் இருக்கிறது என்று சூழலியலாளர் எழுப்பும் கேள்விக்கும் விடை வரட்டும். ஆனால் அடிக்கல்லுக்கு விலை வைத்து வாங்குபவனும் விற்பவனும் இரண்டு பேருமே இருட்டில் நிற்கிறார்கள். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மின்சாரத் திட்டத்தை நினைத்துப்பார். 2021 தொடக்கத்தில் ஒரு சீனக் கம்பனிக்குக் கொடுத்தார்கள், இந்தியா மறுத்தது, வருசக் கடைசியில் அது நின்றது. 2022இல் இந்தியாவோடு உடன்படிக்கை, பெங்களூர்க் கம்பனியோடு ஒப்பந்தம் எழுதும்போது 2024 மார்ச். மூன்று சின்னத் தீவுக்கு வெளிச்சம் கொடுக்கும் வேலையின் கடதாசிக்கே மூன்று வருசம்.

பட்டினத்தில் நீ குடியிருக்கவே ஒரு துண்டு தேடுகிறாய் என்றால் என் பேச்சு வேறு. மனைவி பிள்ளையோடு இங்கே வந்து, வீட்டிலிருந்து கணினி வேலை செய்து சீவிப்பது உன் எண்ணமென்றால் மூன்று பரப்பு போதும், வாங்கு. அப்போது விலை இறங்கினாலும் உனக்கு வீடு இருக்கும். காணியை இரண்டு தடவை பார். கார்த்திகை மழையில் ஒருதரம், தண்ணீர் எங்கே நிற்கிறது என்று. ஆவணி வெயிலில் ஒருதரம், கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க. குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் மழை விட்டுப்போனதுதான் நம் தண்ணீர். அதற்குள் மலகூடக் குழியும் தோட்டத்து உரமும் இறங்குகின்றன. 2024இல் தாளையடியில் கடல்நீரைச் சுத்திகரிக்கும் நிலையம் திறந்தார்கள், நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர். அந்தக் குழாய் நீ பார்க்கும் ஒழுங்கைக்கு வந்துவிட்டதா, வரப்போகிறது என்கிறார்களா என்று கேள். இரண்டுக்கும் விலை வித்தியாசம் இருக்கவேண்டும்.

உறுதியை நொத்தாரிசு வாசித்துச் சொன்னால் மட்டும் போதாது. காணிப் பதிவகத்தில் முப்பது வருசத்துக்குத் தேடுவி. அற்றோணித் தத்துவத்தில் விற்கிறார்கள் என்றால், அதைக் கொடுத்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று தொலைபேசியில் முகம் பார்த்துக் கேள். கொடுத்தவர் செத்த அன்றைக்கே அந்தத் தத்துவமும் செத்துப்போகிறது. அது தெரியாமல் வாங்கி ஏமாந்த ஒருவருக்குப் பிறகு எல்லை அளக்கப் போனேன். அளந்த கூலியை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருசம் மார்ச் 28ஆம் திகதி வந்த வர்த்தமானியை நீ கொழும்பிலிருந்து கவனித்தாயோ தெரியாது. வடக்கில் கிட்டத்தட்ட ஆறாயிரம் ஏக்கருக்கு உரிமை உள்ளவர்கள் மூன்று மாதத்துக்குள் வந்து நிரூபிக்கவேண்டும் என்றார்கள். உறுதி எரிந்தவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் பதறிப்போனார்கள். எதிர்ப்புக் கிளம்பி, பிறகு அந்த அறிவித்தலை மீளப்பெற்றார்கள். நல்ல காலம். ஆனால் ஆளில்லாத காணி எந்தக் கணத்திலும் கேள்விக்குரிய காணிதான். பக்கத்து வளவுக்காரன் பத்து வருசம் தடையில்லாமல் ஆண்டால் ஆட்சியுரிமை கேட்கலாம் என்பது எங்கள் சட்டம்.

ஆகவே என் முடிவு இது. தொடர்மாடிக்கு முற்பணம் கட்டாதே. யாழ்ப்பாணத்தில் விற்பதற்காக வாங்காதே, இருப்பதற்கென்றால் நான் வந்து அளந்து தருகிறேன். அப்பாச்சியின் வளவை விற்கவேண்டிய கட்டாயம் உனக்கு வந்தால் வெளியாளிடம் போகுமுன் என்னிடம் வா. நானும் மாமியும் முறையான விலைக்கு வாங்குவோம்.

மார்கழி லீவுக்கு வரும்போது அப்பாவின் அலுமாரியில் இருக்கும் பழைய உறுதியின் நகலைக் கொண்டுவா. அக்காவையும் கூட்டி வா. வளவின் வடக்கு எல்லைக் கல்லைக் காணவில்லை, அந்தப் பக்கத்து வேலியும் இரண்டு கதியால் உள்ளே வந்திருக்கிறது. மூன்று பேரும் நிற்கும்போது அளந்து, கல்லைத் திரும்பப் போடவேண்டும்.

அன்புடன்,
பெரியப்பா.