அன்பில் வேரூன்றிய பண்பாடு

பசிபிக் பெருங்கடலிலுள்ள ஃபிஜித் தீவுகளுக்கு 1903 முதல் தென்னிந்தியர் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றனர். பிறந்த மண் அகன்றது. பண்பாடும் அகலுமோ என்னும் அச்சம் எழுந்தது.

1926-இல் சாது குப்புசுவாமி அங்கே 'தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்' நிறுவினார். தமிழர், தெலுங்கர், மலையாளிகள் ஓரமைப்பில் இணைந்தனர். ராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த சுவாமி அவினாசானந்தர் 1937-லும், சுவாமி ருத்ரானந்தர் 1939-லும் அங்குச் சென்று தொண்டாற்றினர். சங்கத்தின் பள்ளிகளில் தீவின் பூர்வகுடிப் பிள்ளைகளும் கல்வி பெற்றனர்.

இன்று அங்குப் பெரும்பாலான இல்லங்களில் தமிழ் பேச்சுமொழியாக இல்லை, அது பேரிழப்பே. ஆயினும் முருகன் கோயிலும், மாரியம்மன் தீமிதியும், சங்கமும் நிலைத்துள்ளன. தமக்கெனக் காத்ததைப் பிறர்க்கும் பகிர்ந்தமையே அதற்குக் காரணம். நாம் போற்றும் பண்பாடு அண்டை வீட்டாருக்கும் பயன்படுகிறதா என ஒவ்வொரு சாதகரும் சிந்திப்பாராக.