மைக்கறையை மட்டும் நம்பி அறிக்கை எழுதாதே



நாகர்கோவிலில் வேலைக்குச் சேர்ந்த கையோடு மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்கும் ரோர்சாக் உளவியல் சோதனையின் அட்டைகளை வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறாய். சந்தோஷம். ஆனால் முதல் ஆளை உட்காரவைக்குமுன் இதைப் படித்துவிடு.

ஹெர்மன் ரோர்சாக் 1921-இல் பத்து அட்டைகளை வெளியிட்டார். மறுவருடமே, 37 வயதில், போய்ச்சேர்ந்துவிட்டார். சோதனையைச் செப்பனிட ஆயுள் இல்லை. பிறகு ஆளுக்கொரு மதிப்பீட்டு முறை கிளம்ப, 1974-இல் அமெரிக்க உளவியலாளர் எக்ஸ்னர் அவற்றைத் தொகுத்து ஒன்றாக்கினார். அவருடைய அளவுகோலில் நல்ல மனநிலையில் இருப்பவர்கள்கூட நோயாளியாகத் தெரிகிறார்கள் என்று அமெரிக்காவிலேயே பெரிய சண்டை நடந்தது. 2013-இல் மிஹுரா என்ற ஆய்வாளரின் குழுவினர் பழைய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சிந்தனைக் குழப்பத்தைக் காட்டும் குறியீடுகள் நன்றாகவே நின்றன. வேறு சிலவற்றுக்கு ஆதாரம் சொற்பம். எதற்குப் பயன்படும் என்பது இப்போது புரிந்திருக்கும்.

சோதனை நடத்தும்போது ஆளுக்கு எதிரே உட்காராதே, பக்கத்தில் உட்கார். முதல் அட்டையின் நடுவில் கையைத் தூக்கி நிற்கும் பெண்ணுருவம் பலருக்கும் தெரியும். இசக்கியம்மன் கோயில் இருக்கும் முப்பந்தல் பக்கத்துப் பாட்டி ஒருத்தி, "இசக்கியம்மை நிக்கா" என்று சொல்லலாம். உடனே 'சமயப் பித்து' என்று குறித்துவிடாதே. தினமும் கும்பிடுகிற தெய்வம் அவள் கண்ணில் படாமல் வேறு யார் கண்ணில் படும்? எங்கே தெரியுது, எதை வச்சு அப்படித் தோணிச்சு என்று கேள். சொன்னதை அவள் பேச்சிலேயே எழுது. விளவங்கோட்டுக்காரர் மலையாளம் கலந்து பேசினால் அதையும் திருத்தாதே.

தூத்தூர், வள்ளவிளைப் பக்கம் 2017 ஒக்கிப் புயலில் ஆளைப் பறிகொடுத்த வீடுகள் நிறைய. அங்கிருந்து வருபவர் கறையில் பிணத்தைக் கண்டால், வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்காமல் ஆளுமையைப் பற்றி ஒரு வார்த்தை எழுதாதே.

இன்னொன்று: பத்து அட்டைகளும் இணையத்தில் கிடக்கின்றன. முன்பே பார்த்ததுண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்.

மாப்பிள்ளையின் குணத்தைச் சொல்லச்சொல்லிப் பெண்வீட்டார் வந்தால், முகம் கோணாமல் மறுத்துவிடு. விவாகரத்து வழக்கில் பிள்ளை யாரிடம் இருக்கவேண்டும் என்று வக்கீல் சான்று கேட்டால் இன்னும் கவனம் வேண்டும். நேர்காணல், குடும்ப விவரம், வேறு சோதனைகள் எல்லாம் முடியட்டும். அட்டையை மட்டும் வைத்து யாருக்கும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடாதே, மக்களே.