ஐஸா? சூடான ஒத்தடமா?



கபடி ஆடும்போது கால் பிசகிட்டா ஆளுக்கொரு வைத்தியம் சொல்வாங்க. "உப்பை வறுத்து ஒத்தடம் குடு" என்பார் அம்மிச்சி. "ஐஸ் வை" என்பார் அண்ணன். இரண்டுமே நல்ல வைத்தியம்தான். ஆனால் எதை எப்போது வைப்பது என்று தெரியணும். மாத்தி வச்சா வலி கூடிடும்.

அடிபட்டவுடன் ஐஸ்

மூட்டில் எலும்புகளைச் சேர்த்துக் கட்டியிருக்கும் நார் இழுபடுவதுதான் சுளுக்கு. அப்போது சிறிய ரத்தக்குழாய்கள் உடைந்து உள்ளே ரத்தம் கசியும். அதனால் வீங்கும். அந்த நேரத்தில் சூடு வைத்தால் ரத்தக்குழாய்கள் விரிந்து வீக்கம் அதிகமாகும். குளிர்ச்சி பட்டால் அவை சுருங்கும், வலியும் மரத்துப்போகும். எனவே முதல் 2 நாட்கள் ஐஸ்தான்.

குளிர்ந்த தண்ணீரை விட ஐஸ் ஏன் நல்லது? 1 கிராம் ஐஸ் உருகுவதற்கு மட்டும் 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். இதுதான் நாம் அறிவியலில் படிக்கும் உள்ளுறை வெப்பம்! ஐஸ் கிடைக்கலைன்னா பானைத் தண்ணீரில் துணியை நனைத்துப் போடலாம்.

ஐஸைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம் மட்டும் வைக்கவும். நேரடியாக வைத்தால் தோல் புண்ணாகும். காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்கவும். ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்துதல் என்ற முறையை 1978-இல் எழுதியவர் அமெரிக்க டாக்டர் கேப் மிர்கின். அவரே 2014-இல், ஐஸ் அதிகம் வைத்தால் காயம் ஆறத் தாமதமாகலாம் என்று எழுதினார். ஐஸ் வலியைத்தான் குறைக்கும். காயத்தை ஆற்றுவது நம் உடம்புதான்.

பழைய வலிக்குச் சூடு

நாள் முழுக்க மெஷினில் உட்கார்ந்து தைக்கும் அம்மாவின் இடுப்பு வலி, கழுத்துப் பிடிப்பு, மாதவிடாய் வயிற்று வலி இவற்றுக்குச் சூடுதான் நல்லது. இறுகிய தசை தளரும். சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளில் ஒத்தடமும் ஒன்று.

கவனம்! கவனம்!

1. சர்க்கரை நோய் உள்ள தாத்தா பாட்டிக்குக் காலில் உணர்ச்சி குறைவாக இருக்கலாம். சூடு தெரியாமலே வெந்துபோய் ஆறாத புண் ஆகிவிடும். மரத்துப்போன காலில் ஐஸும் வேண்டாம், சூடும் வேண்டாம்.
2. யாருக்கு ஒத்தடம் கொடுத்தாலும் முதலில் நம் கையில் வைத்துச் சூடு பார்க்கணும்.
3. அயர்ன் பாக்ஸ் சுட்டாலோ, கொதிக்கிற எண்ணெய் பட்டாலோ ஐஸ், பேஸ்ட், இங்க் எதுவும் போடக்கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டினால் போதும். பெரிய காயம்னா ஆஸ்பத்திரிதான்.
4. கால் ஊன்றி நான்கு எட்டு நடக்க முடியாவிட்டாலோ, எலும்பு கோணலாகத் தெரிந்தாலோ நீவி விடாதீங்க. எலும்பு முறிந்திருக்கலாம். அசைக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. 108-க்கு போன் செய்யலாம்.

மறக்காதீங்க: புது அடிக்கு ஐஸ், பழைய வலிக்குச் சூடு, உணர்ச்சி இல்லாத காலுக்கு இரண்டும் வேண்டாம். இன்றைக்கே வீட்டில் பெரியவங்ககிட்டச் சொல்லுங்க!


9-ஆம் வகுப்பு மாணவி