புறக்கட்டளைகளைப் பரிசோதித்தல்

மழைமானிக் குறிப்புகளைக் கணிப்பொறியில் சேமிக்கும் ஊழியர் ஒருவர், அவற்றை வேறோர் இடத்தில் நகலெடுத்தபின் மூலக்கோப்பை அழிக்கும் சிறு நிரலொன்றைப் பைத்தான் மொழியில் எழுதுகிறார் என்று கொள்வோம். நகலெடுக்கும் வேலையை அந்நிரல் தானே செய்யாமல், இயங்குதளத்தின் கட்டளையொன்றை ஏவிச் செய்விக்கிறது. அக்கட்டளை தோல்வியுற்றதை அறியாமல் நிரல் மூலத்தை அழித்துவிடுமாயின், ஒரு மாதத்து உழைப்பு மீட்க இயலாதவாறு மறைந்துபோகும்.

லினக்ஸ் தளத்தில் ஒவ்வொரு கட்டளையும் முடிவுறும்போது 0 முதல் 255 வரையுள்ள ஓர் எண்ணைத் தருகிறது. 0 வெற்றியைக் குறிக்கும். பிற எண்கள் பொதுவாகத் தோல்வியைக் குறிக்கும். இவ்வெண்ணைக் கேட்டறிவது நிரலின் கடமையாகும். பைத்தானின் 3.5ஆம் பதிப்பில், 2015ஆம் ஆண்டில், 'சப்பிராசஸ் ரன்' என்னும் செயற்கூறு சேர்க்கப்பட்டது. அதுவும் தோல்வியெண்ணைக் கண்டு தானாக நின்றுவிடுவதில்லை. 'செக்' என்னும் குறிப்பை 'ட்ரூ' என அமைத்தால் மட்டுமே பிழையறிவித்து நிற்கும்.

ஆகவே, மாதிரிக் கோப்புகளைக் கொண்டு பின்வரும் மூன்று பரிசோதனைகளையும் செய்து பார்த்தல் வேண்டும்.

முதலாவதாக, நகல் கட்டளைக்குப் பதிலாக 'ஃபால்ஸ்' என்னும் கட்டளையை வைத்து நிரலை ஓட்டுக. அது வேறொரு வேலையும் செய்யாது. 1 என்னும் தோல்வியெண்ணை மட்டுமே தரும். அதன் பின்னும் மூலக்கோப்பு அழிக்கப்பட்டால் நிரல் பழுதுடையது. இதே கட்டளையை 'ஓஎஸ் சிஸ்டம்' என்னும் பழைய முறையில் ஏவினால், லினக்ஸில் 1க்குப் பதிலாக 256 கிடைக்கும். ஆதலால் விடை 1 தானா என்று பாராமல், 0 அல்லவா என்றே பார்த்தல் நன்று.

இரண்டாவதாக, 'ஜூன் மழை' என்பது போல இடைவெளியுள்ள பெயரைக் கோப்புக்கு இடுக. கட்டளை முழுவதையும் ஒரே தொடராக்கி, மேற்கோள் குறியின்றி ஷெல்லிடம் கொடுத்தால், அது பெயரை இடைவெளியில் பிளந்து இரு கோப்புகளாகக் கொள்ளும். கட்டளையையும் கோப்புப் பெயரையும் ஒரு பட்டியலின் தனித்தனி உறுப்புகளாகக் கொடுத்தால் இவ்விடர் நேராது.

மூன்றாவதாக, 10 விநாடி வாளாவிருக்கும் 'ஸ்லீப்' கட்டளையை ஏவி, காலவரம்பை 2 விநாடி எனக் குறிக்க. நிரல் காத்துக் கிடவாமல் பிழையறிவித்து மீளுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இவற்றை மாணவர் முன்னிலையில் செய்து காட்டலாம். எல்லாம் ஒழுங்காக நடைபெறும்போது எந்நிரலும் நல்ல நிரலாகவே தோன்றும். தோல்வியை நாமே உண்டாக்கி, அதனை நிரல் உணர்கின்றது எனக் கண்ட பின்னரே, மூலத்தை அழிக்கும் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்தல் தகும்.